அண்ணன் கேட்ட ஆனைமுடி மோதிரம்

பிப். 2
ஒரே காற்று. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் பக்கத்துத் தென்னந்தோப்பில்.

அண்ணன் வாய்ஸ் மெசேஜ். ஐ.நா. அமைதிப்படையில் லெபனான் போனவன். பின்னால் டம் டம் சத்தம். “அது தூரத்துலதான், ஒண்ணுமில்ல.” அப்புறம், “அம்மிணி, ஒரு ஆனைமுடி மோதிரம் அனுப்பறியா? அம்மாகிட்டச் சொல்லீராத.”

மெசேஜை மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். ஆனைமுடி போட்டால் பயம் போகும் என்பார்கள். “அப்ப பல்லி வாலக் கட்டிக்க, சொவுரேறலாம்” என்று கிண்டல் பண்ணினவன் இவன்!

அப்படியென்றால் பயந்துபோயிருக்கிறான்.

பிப். 4
மலையாளத்துச் சித்தூர்ப் பக்கம் திருவிழா. நம்ம ஆனை மாணிக்கம் வந்துட்டான்!!! நெற்றிப்பட்டத்தோடு என்னா ஒரு நிற்பு! ரசிகர் பேஜ் அட்மின் என்ற உரிமையில் நேராகப் பாகன் ராமேட்டனிடம் போனேன். ஒரே ஒரு வால்முடி கேட்டேன்.

“கேஸாகும் மோளே. எனிக்கும் உனக்கும்.”

“கீழ உளுந்த முடியாச்சுங்க?”

“உளுந்தாலும் ஆனையோடதுதான். போ.”

ரீல் எதுவும் போடவில்லை இன்றைக்கு.

பிப். 5
லெபனான் எல்லையில் குண்டுவீச்சு என்று செய்தி. அண்ணனுக்கு அனுப்பினதெல்லாம் ஒரே டிக்.

அம்மா: “ஏண்டி போனையே மொறைக்கற?”
“ரீல்ஸுமா.”

திருவிழாக் கடையில் கறுப்பு மோதிரம் இரண்டு. கடைக்காரன் பிள்ளை மேல் சத்தியம் பண்ணினான், அசலாம். வீட்டுக்கு வந்து ஒன்றைக் கொளுத்தினேன். பிளாஸ்டிக் நாற்றம். அசல் என்றால் முடி கருகும் வாசம் வரும். இந்த டெஸ்ட்டை பேஜில் போட்டதே நானும் அண்ணனும்தான். கண்டுபிடித்துவிடுவான்.

பிப். 6
போஸ்ட் ஆபீஸ். முறுக்கு, கடலைமிட்டாய், சாக்ஸ், மிச்சமிருந்த மோதிரம். மேலே கொட்டை எழுத்தில் லெபனான் என்று எழுதியிருந்தேன், பூ வரைந்து!

கவுண்டர் அக்கா: “நாட்டுப் பேரெல்லாம் எழுதக்கூடாதுங்க. பட்டாளத் தபால் நம்பர் மட்டுந்தான்.” வேறு தாள் சுற்றினேன். அதற்குள் மோதிரத்தைப் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, ஆனைமுடியா? இது போகாது.”

“நைலானுங்கக்கா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“கொளுத்திக் காட்டட்டுங்களா?”

சிரித்துவிட்டார். முத்திரை விழுந்தது.

அசல் கிடைத்திருந்தால் இங்கேயே நின்றிருக்கும். போலி என்பதால் போகிறது. பயந்திருக்கிறவனுக்கு நைலான். கடிதத்தில் சொல்லலாமா என்று பேனாவை எடுத்து, மாணிக்கம் சௌக்கியம் என்று மட்டும் எழுதினேன்.

பிப். 9
ஒரே டிக். டிவியில் லெபனான் செய்தி, நான் போய் அணைத்தேன். அம்மா, “நீ அணைச்சுட்டா எனக்குத் தெரியாதாக்கும்?” என்றாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

பிப். 27
வெயில். பைப்பில் தண்ணீர் இல்லை. குடத்தோடு நிற்கும்போது போன். அண்ணன்!!!

“பார்சல் வந்துருச்சு. வெரல்லயேதான் கெடக்குது.”

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது. “லைட்டர் வெச்சுப் பாத்தியாண்ணா?”

அந்தப் பக்கம் டம். இந்தத் தடவை கிட்டத்தில்.

“இல்ல அம்மிணி. பாக்க மாட்டேன். முறுக்கு தீந்துபோச்சு, இன்னொரு பொட்டி…”

கட்.