இரண்டு நாளில் எறிந்த தட்டு

ஸ்டெய்ன்விக்
18 அக்டோபர் 1990, வியாழன்

அன்புள்ள ரன்வைக்,

ஒருவருடைய நோய்க்கு ஏழு வருடமாக அவருடைய சுபாவத்தையே காரணம் சொல்லி வந்தவள், காரணம் அது இல்லை என்று தெரிந்த அன்று அவரிடம் எதை முதலில் சொல்ல வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அப்பாவிடம் சொல்லும் முன் உனக்கு எழுதுகிறேன். கனடாவில் உடம்பும் மனமும் சரியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே வீடு அப்படியேதான் இருக்கிறது, உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது, காருக்குக் குளிர்காலச் சக்கரம் மாட்டியாகிவிட்டது, நான் மட்டும் மத்தியானத்திலிருந்து வேலை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவின் வயிற்றுப்புண் ஆறாததால் வரும் திங்கட்கிழமை வயிற்றில் பாதியை வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் நடந்ததை எழுதவில்லை. ஆகஸ்டில், புதிதாக வந்த டாக்டர் யோருன் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு துணுக்குச் சதையை எடுத்து, புண்ணுக்குக் காரணமான கிருமி ஏதாவது வளர்கிறதா பார்க்கச் சொல்லி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று படித்துப் பட்டம் வாங்கியவள் நான். கொதிக்கிற பானையில உயிர் மீன் தேடறீங்க என்று அவரிடமே சொன்னேன். எங்கள் கூடத்தில் ஒரு விதி உண்டு, நானே எழுதிச் சுவரில் ஒட்டியது: இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காத கிருமி வளர்ப்புத் தட்டு குப்பைக்குப் போகும். தொண்டைக் கிருமியும் சிறுநீர்க் கிருமியும் ஒரே இரவில் முளைத்துவிடும், காத்திருப்பது வீண் வேலை என்று நினைத்தேன். அப்பாவின் தட்டையும் அப்படியே எறிந்து, வளர்ச்சி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அறுவை மருத்துவர் நாள் குறித்தார்.

போன வெள்ளிக்கிழமை யோருன் மறுபடி குழாய் விட்டார். ஒரு துணுக்கை மஞ்சள் ஜெல்லுக்குள் செருகி, கிருமி இருந்தால் சிவக்கும் என்று என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் சிவந்துவிட்டது. வாயிலிருந்து ஒட்டிக்கொண்ட ஏதாவது கிருமியாக இருக்கும் என்று வாதாடினேன். அவர் இன்னொரு துணுக்கைக் கொடுத்து, ஹெர்டிஸ், இந்தத் தட்டை ஒரு வாரம் தொடாதீங்க, உங்களுக்கும் குப்பைக்கூடைக்கும் அப்படி ஒரு சிநேகம் என்றார். அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை. இன்று ஆறாவது நாள், மூடியைத் திறந்து விளக்கடியில் சாய்த்தால் தட்டு முழுக்க நிறமில்லாத சின்னச் சின்னப் பொட்டுகள். நுண்ணோக்கியில் கிருமிகள் வளைந்து வளைந்து கிடக்கின்றன. ஆகஸ்டில் எறிந்த தட்டை இன்னும் நான்கு நாள் வைத்திருந்தால் இவைதான் முளைத்திருக்கும்.

நாங்கள் அப்பாவை என்ன பாடு படுத்தினோம், யோசித்துப் பார். வாயைத் திறந்து பேசு ஸ்வெர்ரே, எல்லாத்தையும் விழுங்கி விழுங்கித்தான் வயிறு ஓட்டையாகுது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். காப்பியை நிறுத்தினேன். படகில் அவர் வெந்நீரில் வைத்த பாலைக் குடிப்பதைப் பார்த்து, கேப்டனுக்குப் பால்புட்டி வந்தாச்சா என்று அவர் ஆட்களே கேலி பேசுவார்கள், அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார். நீ கனடா போன வருடம் வலி கூடியபோது பழியில் ஒரு பங்கை உன் தலையிலும் போட்டேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். என் வார்த்தைக்காக இத்தனை நாள் நீ வருந்தியிருந்தால் என்னை மன்னித்துவிடு.

உனக்கும் சாப்பிட்டபின் நெஞ்சு எரிவதாக ஜூனில் எழுதியிருந்தாய். இந்தக் கிருமி வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்று யோருன் சொல்கிறார். பரிசோதனை செய்துகொள், தட்டை ஒரு வாரம் வைத்திருக்கச் சொல், கவலைப்பட்டுக்கொண்டு வெறும் பால் குடிக்காதே. உன் வேலையும் தூக்கமும் நன்றாக அமையட்டும்.

அன்புடன்,
உன் அம்மா ஹெர்டிஸ்

வெள்ளி மாலை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். காலைச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். அப்போ நான் பேசாம இருக்கறது வியாதி இல்லைங்கற என்றார். இல்லை என்றேன். நல்லது, இனிமே நிம்மதியா பேசாம இருக்கலாம் என்றார். பிறகு மருத்துவமனையில் அறுவை மருத்துவர், ஒரு ஜெல்லு சிவந்ததுக்கா ஆபரேஷனை நிறுத்தச் சொல்றீங்க என்று கேட்டார். தட்டை அவர் முன்னால் வைத்து, ஆகஸ்டில் நான் தந்த முடிவு தவறு என்று எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அறுவை இல்லை. இரண்டு வாரத்துக்கு மூன்று மருந்து. மலம் கறுத்துப் போனால் ரத்தமோ என்று பயப்படாதே, இந்த மருந்தாலேயே அப்படி ஆகும் என்று அப்பாவிடம் சொன்னேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, எனக்குச் சொல்லிட்ட, மத்தவங்களுக்கு யாரு சொல்றது என்று கேட்டார். மத்தியானம் பதிவேட்டைப் பிரித்தேன். யோருன் வந்ததிலிருந்து நான் இரண்டு நாளில் எறிந்த வயிற்றுத் தட்டுகள் பதினொன்று. அதில் நான்கு பேருக்கு ஏற்கெனவே வயிற்றை வெட்டியாகிவிட்டது.