அப்பாவின் இரட்டைக் குழல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். காட்டுப்பன்றிகள் மறுபடியும் சோளத்தைக் கிளறிப் போட்டதாக எழுதியிருந்தாய். கையைக் கட்டிக்கொண்டு ஏன் பார்த்திருக்கிறாய்? அப்பாவின் துப்பாக்கி சும்மாதானே தூங்குகிறது? போன விடுமுறையில் நான் வாங்கிவைத்த தோட்டாப் பெட்டி மேல் அலமாரியில் இருக்கிறது. புது ரகம், நல்ல வேகம். இரண்டு வெடி போட்டால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது.

உன் தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

மாதக்கணக்கில் எழுதாதவன் பன்றிக்காகவாவது எழுதினாயே, சந்தோஷம். துப்பாக்கியை எடுத்தேன். தோட்டாவைப் போடும்முன் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். குழலின் உள்ளும் புறமும் அளந்து பார்த்தார்.

"இரும்புப் பட்டையை முறுக்கிச் சுத்தி அடிச்ச குழல்மா, கருமருந்துக் காலத்துச் சாமான். உங்க தோட்டா உள்ளே அழகா உட்காரும். வெடிக்கும்போது அதோட மடிச்ச முன்வாய் விரியணும், அதுக்கு இதுல இடம் பத்தாது. அழுத்தம் முழுக்கக் குழல் மேலதான் வரும்" என்றார்.

அப்பா போட்டது குட்டையான, வேகம் குறைந்த தோட்டாவாம். குழல் தேய்ந்துவிட்டதால் இனி அதுவும் வேண்டாம் என்கிறார். இது சுவரில் இருக்கட்டும். வேறு துப்பாக்கிக்கு விண்ணப்பித்துவிட்டேன். அதுவரை தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வயலைச் சுற்றுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

அப்பா ஆயுசு முழுக்கச் சுட்டார், ஒரு கீறல் பட்டதா? அந்த ஆளுக்குப் புதுசு விற்கவேண்டும், உன் காதில் பூச்சுற்றுகிறார். அடுத்த மாதம் வருகிறேன். அதே தோட்டாவைப் போட்டு நானே சுட்டுக் காட்டுகிறேன். அதுவரை யாரும் அதில் கைவைக்கக் கூடாது.

தம்பி

ஏப்ரல் 17

என் அன்புத் தம்பிக்கு,

நீ பிடித்த பிடியை விடமாட்டாய். ஒளித்துவைத்தாலும் தேடி எடுத்துவிடுவாய். அதனால் நானே முடிவெடுத்தேன்.

பழுது பார்ப்பவர் முதலில் மறுத்தார். "சொன்னா நம்ப மாட்டான், பார்த்தாத்தான் நம்புவான்" என்று நான் நகரவே இல்லை. பட்டறைக்குப் பின்னால் பழைய டயர்களில் துப்பாக்கியைக் கட்டி, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, விசையில் நீளக் கயிறு கட்டினார். நீ வாங்கிய தோட்டாதான். சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்தோம்.

முதல் இரண்டு வெடியில் ஒன்றும் ஆகவில்லை. உன் குத்தல் பேச்சுக்கு இப்போதே தயாராக வேண்டியதுதான் என்று நினைத்தேன். மூன்றாவதில் இடது குழல் பக்கவாட்டில் பிளந்து வாழைத்தோல்போல் விரிந்தது. இடது கையால் தாங்கிப் பிடிப்போமே, சரியாக அந்த இடம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்பாவின் பொருளை உன்னைக் கேட்காமல் உடைத்தேன். வருத்தமுண்டு, மன்னிப்புக் கேட்கமாட்டேன். கோபம் வந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. எழுத உனக்கு இரண்டு கையும் இருக்கிறது.

அக்கா