தகர டப்பாவில் இருந்த பெயர்

பங்காளி,

இது என் சொந்தக் கையெழுத்து! நீ மகள் வீட்டுக்குப் போனபின், கடைக்கார ஓர்ஃபா அம்மாள் எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். எழுபத்தொரு வயதில் மாவுச் சாக்கைக்கூட வாசிக்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தில் போன வாரம் நம் தங்க ஓடைக்குப் போனேன். எல்லைக் கல்குவியலுக்குள் தகர டப்பாவில் நீ வைத்த, அங்கே தங்கம் அரிக்கும் உரிமைக் காகிதத்தில் என் பெயரை நானே வாசிக்க ஆசை. "கையை விட்டுறாதே கிழவா, உள்ளே கிலுகிலுப்பைப் பாம்பு குடியிருக்கு. நம்ம ரெண்டு பேர் பேரும் பத்திரமா இருக்கு" என்று பதினாறு வருடமாகச் சொன்னாயே!

பாம்பு நிஜமாகவே இருந்தது. வாலைக் கிலுக்கி எச்சரித்தது. மண்வெட்டிக் காம்பால் தள்ளியதும் விலகிப் போனது. காகிதத்தை எழுத்துக்கூட்டி மூன்று முறை வாசித்தேன். உன் பெயர் மட்டும்தான் இருந்தது.

கடிக்குமுன் பாம்புகூடச் சத்தம் கொடுக்கிறது. நீ என் சட்டியில் பீன்ஸ் தின்றுகொண்டே வாயைத் திறக்கவில்லையே, படுபாவி!

காகிதத்தைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "கிழிச்சுப் போட்டுட்டு உங்க பேரை மட்டும் எழுதுங்க" என்றாள் ஓர்ஃபா அம்மாள். கிழித்தேன். புதிதாக எழுத ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. முதலில் என் பெயர். அதன் கீழே, பல்லைக் கடித்துக்கொண்டு, உன் பெயர். இரண்டு பெயர் எழுதும் அளவுக்குக் காகிதத்தில் இடம் இருக்கிறது. அதே டப்பாவில்தான் வைத்திருக்கிறேன், வந்து பார்த்துவிட்டுப் போ.

கோபம் ஆறாத
உன் பங்காளி