யமுனா கையில் இருந்த உன் போட்டோ

என் பவித்ரா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. வீட்டைச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். சிறப்புக் குழந்தைகளுக்காக நாலு அரசுப் பள்ளிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தாயே, நாலுக்கும் நீ ஒருத்திதான் டீச்சர் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

உன் செவ்வாய்க்கிழமைப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பீரோ சாவி நம் வீட்டில் இருக்கிறதாம். சனத்நகர் பிளான்ட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

கேட் ஓரத்தில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது இருக்கும். கையில் இறுக்கிப் பிடித்திருந்த அட்டையில் உன் போட்டோ. யமுனாதான். பேச்சு வராது, ஆட்டிசம், ஆனால் எல்லாம் தெரியும் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வாயே, அவள்தான். பக்கத்தில் அவள் அம்மா செல்வி.

"எல்லா செவ்வாயும் இப்டிதாண்ணா. டீச்சரம்மா வந்தாதான் எழுந்திருக்கும். நாச்சாரத்துல பேக்கிங் வேலை எனக்கு. லேட்டா போனா சூப்பர்வைசர் வாய் இருக்கே, அதுக்கு ஒரு மூடி போடணும்."

"டீச்சர் இனிமே வரமாட்டாங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னா புரியுமா? புரிஞ்சுட்டா அதுக்கு மேல பயம்ணா எனக்கு."

தலைமையாசிரியை தெலுங்கில் பேசினார். ரெண்டு வகுப்புக்கு ஒரு டீச்சர்தான் இருக்கிறார், இவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இந்த மாதக் கடைசிக்குள் உள்ளே உட்காரவில்லை என்றால் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று எழுதிவிடுவேன் என்றார். வீட்டுக்கு யார் போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் உன் பீரோவைப் பார்த்தார். அதற்கும் நீதானாம். எழுதிவிட்டால் செல்வி வேலையை விட வேண்டியதுதான்.

பீரோவுக்குள் கிளிப் போட்ட ஒரு கயிறு, படம் ஒட்டிய அட்டைகள் இருந்தன. பை, ஸ்லேட், சாப்பாடு, ஊஞ்சல் என்று அவள் நாளின் வேலைகள் வரிசையாக. மூடியில் கீறல் போட்ட ஒரு பிஸ்கட் டப்பாவும் இருந்தது. டப்பா எதற்கென்று புரியவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு, அட்டைகளை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அப்புறம் நான் செய்ததைக் கேட்டால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். அலுமினியத் தகட்டில் படங்களை ஸ்குரூ போட்டு முறுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பட்டன், ஒரு பல்பு. வேலை முடிந்து அமுக்கினால் பச்சை எரியும். பிளான்ட்டில் இருக்கும் பேனல் மாதிரியேதான். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. அந்த ரெண்டு நாளும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. அதற்காகத்தான் செய்தேனோ என்னவோ.

செவ்வாயன்று யமுனாவை எப்படியோ வகுப்புக்குள் தூக்கிவந்து அதன் முன்னால் உட்கார வைத்தோம். பையை மாட்டினாள், பட்டனை அமுக்கினாள். பச்சை எரிந்தது. ஆனால் பை படம் அங்கேயே இருந்தது. பையை எடுத்து மறுபடி மாட்டினாள். மறுபடி. நாலாவது தடவை தன் கையையே கடித்துக்கொண்டாள்.

"நக்கோண்ணா, நக்கோ! வேணாம்!" செல்வி பேனலைத் திருப்பி வைத்தார். "டப்பா எங்க? முடிஞ்சத டப்பால போடணும். கண்ணுக்கு எதிர்ல இருந்தா அதுக்கு முடியவே முடியாது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ கிளம்பும்போது கயிற்றில் இருக்கும் உன் போட்டோவும் டப்பாவுக்குள் போகும். கடைசிச் செவ்வாய் நீ மதியமே காய்ச்சலோடு ஆட்டோ பிடித்து வந்துவிட்டாய். அன்று அது உள்ளே போகவில்லை. அவள் கணக்கில் நீ இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாய். உன் செருப்பை வாசலிலேயே விட்டு வைத்திருக்கும் நான் அவளுக்கு என்ன சொல்வது?

அடுத்த செவ்வாய் டப்பாவோடு கேட் ஓரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்களே செய்ங்களேன்" என்றேன் செல்வியிடம்.

"நான் எப்டிண்ணா? வீட்டுக்காரர் நீங்க."

முடிந்தது என்பதற்கு நீ சொல்லிக்கொடுத்த சைகையை, ரெண்டு கையையும் தட்டி விரிப்பதை, செய்து காட்டினேன். உன் போட்டோவைத் தொட்டேன். மறுபடி கையைத் தட்டி விரித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு அவளே போட்டாள். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது, பவி.

உள்ளே போனாள். மதியம்வரை அழுதாள், ஆனால் வகுப்பில் உட்கார்ந்து அழுதாள். அந்தக் கடிதத்தை இப்போதைக்கு எழுதவில்லை என்றார் தலைமையாசிரியை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இந்த வாரமும் டப்பாவை ஆட்டிப் பார்த்தாள்.

கயிற்றில் என் போட்டோவை மாட்டலாமா என்று செல்வி கேட்டார். வேண்டாம் என்றேன். பிளான்ட்டில் ஒரு லைன் பழுதானால் நாங்கள் தற்காலிகமாக ஒரு பைபாஸ், சுற்றுவழி, கொடுப்போம். அதில் இது தற்காலிகம் என்று சிவப்பு டேக் கட்டவில்லை என்றால் வருஷக்கணக்கில் அதுவே ஓடும், ஒருவரும் சரிசெய்ய வரமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை நான் போய் டப்பாவைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் நான் டீச்சர் இல்லை. மற்ற மூன்று பள்ளிகளில் டப்பா பிடிக்கக்கூட ஆள் இல்லை.

அதனால் நாலு பள்ளிப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கி, கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார் கிளார்க். மனுவைப் புரட்டிவிட்டு, "இதுல உங்க குழந்தை யாரு சார்?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "அப்ப நீங்க யாரு?" என்றார்.

நான் யார் என்பதை அவர் மேஜையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உன் இடத்துக்கு ஒரு டீச்சர் பெயர் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அங்கே போய் நிற்பேன். கேட்கும்போதெல்லாம் கீழே எழுதியிருப்பதையே எழுதிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
பவித்ரா டீச்சரின் வீட்டுக்காரன்,
முரளி