ஓர் எழுத்தை வெட்டினோம்

10.3.1996, ஞாயிறு. டோர்ட்மண்ட்.

ஜெர்மன் வகுப்புத் தோழி எல்சாவுடன் அருங்காட்சியகம் போனேன். அமெரிக்கப் பழங்குடிகள் பற்றிய கண்காட்சி. எல்சா பொலிவியாவின் ஐமாரா இனத்தவள். அகன்ற பாவாடையும் வட்டத் தொப்பியும் போட்ட ஐமாராப் பொம்மையின் கீழே, "இவர்கள் இப்படி வாழ்ந்தார்கள்" என்று ஓர் அட்டை. எனக்குத் திக்கென்றது. ஈழத்தமிழரான எங்களையும் ஒருநாள் இப்படிப் பொம்மையாக்கி...

எல்சா பொறுப்பாளரைக் கூப்பிட்டாள். "என்ர அம்மா இண்டைக்கும் இதைத்தான் உடுத்துறா."

அந்தப் பெண்மணியின் முகம் சிவந்தது. "பிழைதான். நீங்களே திருத்துங்கோ" என்று பேனாவை நீட்டினார்.

ஜெர்மன் மொழியில் ஓர் எழுத்தை வெட்டினால் 'வாழ்ந்தார்கள்' என்பது 'வாழ்கிறார்கள்' ஆகிவிடும். எல்சா வெட்டினாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"புது அட்டை வைப்பினமோ?"

"வைப்பம் எண்டு சொன்னவ. அடுத்த ஞாயிறு போய்ப் பாப்பம்."

அவரும் வருகிறாராம்.