பதினொன்றாம் நம்பர்

ஆக. 3, ஞாயிறு
காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் காட்டி ஏமாற்றியது. டயர் கடை அரைநாள்.

என் பள்ளித் தமிழாசிரியர் வந்தார். கண்புரை ஆபரேஷன் ஆகி இன்னும் கறுப்புக் கண்ணாடி. கையில் மக்கிப்போன வருகைப் பதிவு நோட்டு. விடுதலைப் போராட்டக் காலத்து இளைஞர் படை, செங்கல்பட்டுக் கிளையினுடையது. செயலாளராக இருந்தவரின் பேரன் வீட்டுப் பரணில் கிடைத்ததாம்.

"எனக்கு எழுத்து தெரியல. நீ படி, உன் பொண்ணு டைப் பண்ணட்டும். நான் எழுதுற ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு வேணும்."

பத்தாவதில் இரண்டு தடவை பெயிலாகிக் கோட் அடித்தவனிடம் வரலாற்று வேலை.

படையில் பேர் கிடையாது, நம்பர்தான். ஒருவன் மாட்டினாலும் மற்றவன் பேரைச் சொல்ல முடியாதபடி ஏற்பாடு. யார் எந்த நம்பர் என்பது செயலாளரின் இந்த நோட்டில் மட்டும். ஊரில் இன்றும் சொல்வார்கள்: துண்டறிக்கையோடு பிடிபட்டு, மூன்று நாள் அடி வாங்கியும் வாய் திறக்காத பதினொன்று. அத்தாவின் டிரங்குப் பெட்டியில் 11 என்று தைத்த துணிப்பட்டை இருந்தது. அதனால்தான் நான் சுதந்திர தின விழாக் குழுவில். நாற்காலி, சால்வை எல்லாம் அந்தத் துணியின் புண்ணியம். 15-ஆம் தேதி திறக்கும் நினைவுக் கல்லிலும் 11-க்கு நேரே அத்தா பேர்.

ஆக. 5, செவ்வாய்
4 டயர், 2 பஞ்சர். சர்க்கரை மாத்திரை மறந்தாயிற்று.

மதியம் நோட்டு. நான் வாசிக்க, நஸ்ரின் டைப்.

"11. அப்துல் சலாம். மூன்று வாரம் வந்தார். வீட்டில் தடுத்துவிட்டார்கள். நீக்கம்."

கீழே வேறு மையில்: "11. முனுசாமி, திருப்போரூர் பக்கம், கூலி வேலை. துண்டறிக்கையுடன் பிடிபட்டார். யாரையும் சொல்லவில்லை."

விலகியவனின் நம்பரை அடுத்து வந்தவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் அத்தா பழைய பதினொன்று.

"அத்தா, இது தாத்தா இல்லியே."

"தெரியுது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது."

அத்தா உயிரோடு இருந்தவரை அவராக ஒரு நாளும் சொன்னதில்லை. பேச்சு வந்தால் எழுந்து தொழப் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தேன். முதுகில் ஒரு தழும்பு. லத்தி என்று நானே முடிவு கட்டினேன். "கட்டி ஒடைஞ்ச வடுடா" என்று அம்மா சொன்னதையும் அடக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

ஆக. 6, புதன்
குழுக் கூட்டம். டீ, சமோசா. "பாய் இந்தத் தபா மேடையில பேசணும்" என்றார் தலைவர். தலையாட்டினேன். வாய் திறக்காதவன் மகன் என்று பேர் வாங்கியவன், இன்றுதான் நிஜமாக வாய் திறக்கவில்லை.

ஆசிரியருக்குக் கண் தெரியாது. நோட்டு என் கையில். ஒரு தாள் கிழிந்தால் யாருக்குத் தெரியும்? நினைத்தேன். நினைத்ததால் எழுதி வைக்கிறேன்.

இரவு நஸ்ரின் கேட்டாள். "அந்தப் பக்கத்த டைப் பண்ணவா, வேணாமா?"

சோறு தின்று கை கழுவினேன். அப்புறம், பண்ணு என்றேன்.

ஆக. 8, வெள்ளி
ஜும்மா முடித்து நேரே ஆசிரியர் வீடு. படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். "கல்லு வெட்டியாச்சேப்பா" என்றார். பிறகு, "போய் நிறுத்து."

மாமல்லபுரம், கல் பட்டறை. பேர் வெட்டியவன் உளியும் கையுமாக இருந்தான். காது முழுக்கத் தூசி.

"கருங்கல்லு அண்ணாத்த, ரப்பர் போட்டா அழியும்? மொத்த மொகத்தையும் இழைச்சுட்டு இருபது பேரையும் திருப்பி வெட்டணும். எவனோ தப்பு பண்ணா எனக்குப் பேஜாரு."

"எவனோ இல்ல. நான்தான்."

உளியைக் கீழே வைத்தான். "சரி, புதுப் பேரு இன்னா? இனிஷியலோட குடு."

இனிஷியல் நோட்டில் இல்லை. அத்தா பேர்மேல் ஒரு தடவை விரல் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் வெட்டியிருந்தான்.

ஆக. 9, சனி
வெயில். திருப்போரூர் பஸ்ஸில் நின்றபடி. இரண்டு ஊர் விசாரித்ததில், முனுசாமியின் மகன் ஏழுமலை இப்போது திருவிடந்தையில். மின்வாரிய லைன்மேன், ரிட்டயர். எழுபது இருக்கும்.

"எங்க நைனாவாண்ட உனக்கு இன்னா வேலை? அவரு செத்து முப்பது வருசமாவுது."

சொன்னேன். கல், நம்பர், என் அத்தா, எல்லாம்.

"அப்போ இத்தினி வருசம் எங்க நைனா சால்வைய நீ போத்திக்கினு இருந்தியா?"

ஆமாம் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"போலீஸ் அடிச்சது தெரியும். தேங்கா திருடி மாட்டிக்கினார்னு ஊரே சொல்லும். திருட்டு முனுசாமி புள்ளைங்கன்னுதான் எங்களுக்குப் பேரு. அக்காவுக்கு வந்த மாப்புள்ள அதாலயே திரும்பிப் போனான். கேட்டா நைனா வாயே தொறக்கமாட்டாரு."

படையில் நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் வாங்குவார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. சுதந்திரம் வந்த பிறகும் அந்த மனிதர் காப்பாற்றியிருக்கிறார், பெண்ணின் கல்யாணம் நின்றபோதும்.

நோட்டைப் பிரித்து, முனுசாமி பற்றிய அந்த இரண்டு வரியைப் படித்தேன்.

"இன்னொரு தபா படி பாய்."

படித்தேன். அக்காவுக்குப் போன் போட்டார். போனை என்னிடம் நீட்டினார். மறுபடி படித்தேன். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம். அதற்கு மேலே ஒரு கிழட்டுக் குரல்.

"அப்போ எங்க நைனா திருடலியா?"

"இல்லம்மா" என்றேன்.