ஆறு மணி விளக்கு

2025 ஒக்ரோபர் 11

இன்று அண்ணாவிடம் சொல்லாதது: கண்டி நூலக வேலைக்குக் கடிதம் வந்துவிட்டது. நவம்பர் பத்துக்குள் பதில் போட வேண்டும்.

அப்பாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு எனக்கு மட்டுமே விளங்குகிறது. 'நல்லது' என்றார்.

அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய சாமான்களை மின்வேலை செய்யும் ஷிராஸ் வந்து பூட்டித் தந்தார். விளக்கு, ஃபான், கமரா, பேசும் பெட்டி. "இனி சுவிட்ச் தேடத் தேவையில்லை, வாயாலயே சொல்லலாம். இங்கிலீசில மட்டும்."

ஒக்ரோபர் 19

நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும். வெக்கை ஏறினால் ஃபான் தானாகவே சுழல்கிறது. மாலை ஆறுக்குத் திரு இருதயப் படத்தடி விளக்கு எரிகிறது. அப்பா செபமாலையை எடுக்கிறார். இன்று சந்தையில் நின்றபடி, வீட்டில் அப்பா நித்திரை கொள்வதைக் கமரா வழியாகப் போனில் பார்த்தேன். பஸ் நிலையத்தடியில், ஊரில் அலையும் கழுதைகளுக்கு நடுவே, தனியாக ஒரு தேநீர். அப்பா படுக்கையில் விழுந்த மூன்று வருடத்தில் முதல் தடவை.

அப்படியானால் நான் போகலாமா?

ஒக்ரோபர் 20

அண்ணா அழைத்தார். "நேற்று முக்கால் மணித்தியாலம் வீட்டில உன்னைக் காணேல்லை. எங்க போனனீ?"

கமரா அப்பாவைப் பார்க்கத்தானாம்.

ஒக்ரோபர் 28

அப்பா 'லைற் ஓன்' பழகுகிறார். பெட்டிக்கு விளங்கவில்லை. ஷிராஸிடம் சொன்னேன். "ஐயாட இங்கிலீசு என்ர இங்கிலீசைவிடத் திறம். பெட்டிக்குத்தான் காது சரியில்லை."

நவம்பர் 2

இறந்தோர் தினம். அம்மாவின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தச் சேமக்காலைக்குப் போனேன். ஆறுக்கு விளக்கு எரியும்தானே.

ஆறே முக்காலுக்குத் திரும்பினேன். வீடு கும்மிருட்டு. "லைற் ஓன்... லைற் ஓன்..." அப்பாவின் குரல் தேய்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு தடவையும் பெட்டி ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது, மரியாதையாக. செபமாலை கட்டிலுக்குக் கீழே. படுக்கை நனைந்திருந்தது.

விளக்கு ஏழுக்கு எரிந்தது. அண்ணா அதைத் தன் ஊர் நேரத்தில் போட்டு வைத்திருக்கிறார். அங்கே குளிர்காலத்துக்காக இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே ஞாயிறு காலை. அவர் நித்திரை.

நான் ஏன் போனனான்? ஒரு மெழுகுதிரிக்கு—

நவம்பர் 8

அண்ணா கமராவில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: 'நீ கண்டிக்குப் போ பிள்ளை. அவனிட்டச் சொல்லு, என்னைப் பாக்க ஆளொண்டு வைக்கட்டும்.'

"அப்பா என்ன சொல்லுறார்?" என்று பெட்டிக்குள்ளிருந்து அண்ணா கேட்டார்.

"தண்ணி கேக்கிறார்," என்றேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்தார்.

நவம்பர் 14

பதில் போடவில்லை, திகதி முடிந்துவிட்டது. அண்ணா நேரத்தைத் திருத்திவிட்டார், விளக்கு சரியாக ஆறுக்கு எரிகிறது. எட்டாம் திகதிக்குப் பிறகு அப்பா ஒன்றும் பேசவில்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை.